500 கார், 6,506 விண்ணப்பம்: ஃபோர்டு ஜிடி வாங்குநர் தேர்வு – நிகழ்வு ஆய்வு

பின்னணி

2015 ஜனவரியில் டெட்ராய்ட் மோட்டார் கண்காட்சியில் ஃபோர்டு நிறுவனம் இரண்டாம் தலைமுறை ஜிடி காரை மேடையேற்றியது. கார்பன் ஃபைபர் உடல், ஓட்டுநருக்குப் பின்னால் 3.5 லிட்டர் இரட்டை டர்போ வி6 இன்ஜின். விற்பனைக்கு வந்தபோது அதன் திறன் 647 குதிரைத்திறன், உச்ச வேகம் மணிக்கு 347 கி.மீ. இதை ஃபோர்டு தன் ஆலையில் செய்யவில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் மார்க்கம் என்ற ஊரில் இருக்கும் மல்டிமேட்டிக் நிறுவனம் கட்டிக் கொடுத்தது. ஆண்டுக்கு 250 வீதம் இரண்டு ஆண்டுகளில் 500 கார் என்பதுதான் முதல் திட்டம். விலை நான்கரை லட்சம் டாலர் அளவில்.

எண்ணிக்கையைவிட இந்த விலைதான் கவனிக்க வேண்டியது. 1966-இல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் அள்ளிய ஜிடி40 வழிவந்த கார் இது. 50 ஆண்டு கழித்து, 2016 ஜூனில், அதே பந்தயத்தில் தன் பிரிவில் மறுபடி வென்றது. இப்படிப்பட்ட கார் கம்பெனி விலையைப் போல இரண்டு மூன்று மடங்குக்கு வெளியே போகும் என்பது தொழிலில் இருக்கும் யாருக்கும் தெரியும். அந்த இடைவெளி பத்து லட்சம் டாலரைத் தொட்டால், ஒதுக்கீட்டுக் கடிதமே பத்து லட்சம் டாலர் பெறும் காகிதமாகிவிடும். வாங்குநரைத் தேர்ந்தெடுப்பது என்பது உண்மையில் அந்தப் பணத்தை யார் கையில் கொடுப்பது என்ற முடிவுதான்.

இதற்கு முந்தைய ஜிடி 2005, 2006 மாடல் ஆண்டுகளில் 4,038 எண்ணிக்கை வந்தது. விலைப்பட்டியலில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் டாலர். கார் டீலர் வழியாகச் சாதாரணமாகத்தான் விற்பனையானது. பல டீலர்கள் பட்டியல் விலைக்கு மேல் கேட்டார்கள். கொடுக்கவும் ஆள் இருந்தது. அந்த மேல்தொகையில் ஃபோர்டுக்கு ஒரு காசும் இல்லை, யார் வாங்கினார் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரமும் அதற்கு இல்லை. இரண்டாம் முறை ஆளைத் தேர்ந்தெடுக்கும் வேலையை டீலர் கையிலிருந்து எடுத்துத் தானே வைத்துக்கொண்டதற்கு இதுவே போதுமான காரணம்.

ஃபெராரி போல அழைப்பு அனுப்பி விற்றிருக்கலாமே என்று கேட்கலாம். ஃபெராரியிடம் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த வாடிக்கையாளர் பட்டியல் இருக்கிறது. 499 எண்ணிக்கையில் வந்த அதன் லாஃபெராரி மாடலும் அந்தப் பட்டியலுக்குள்ளேயே கரைந்துவிட்டது. ஃபோர்டின் வாடிக்கையாளர்களோ பிக்கப் வாங்கியவரும் மஸ்டாங் வாங்கியவரும். அவர்களில் நான்கரை லட்சம் டாலர் காருக்கு உரியவர் யார் என்று சொல்ல எந்தப் பதிவேடும் இல்லை. ஆகவே பொது விண்ணப்பம் என்ற வழியைத் தேர்ந்தது.

விண்ணப்பமும் அது அளந்ததும்

இணையவழி விண்ணப்பம் 2016 ஏப்ரல் 13 அன்று திறந்து மே 12 அன்று மூடியது. விண்ணப்பதாரர் முதலில் திரையில் காரின் நிறம், கோடு, சக்கரம், உள் அலங்காரம் ஆகியவற்றைத் தெரிவு செய்து பார்க்கலாம். பிறகு தனிப்பட்ட விவரங்கள், அதன் பின் கேள்விகள். இதுவரை எத்தனை ஃபோர்டு வைத்திருந்தீர்கள், 2005–06 ஜிடி வைத்திருக்கிறீர்களா, வேறு என்ன கார்கள் உண்டு, இந்தக் காரை எப்படிப் பயன்படுத்துவீர்கள், பொதுமக்கள் கருத்தில் செல்வாக்குள்ளவரா, தொண்டு அமைப்புகளோடு தொடர்பு உண்டா என்று போயின அவை. விரும்பினால் ஒரு நிமிடத்துக்கு மிகாத காணொளியும் இணைக்கலாம்.

10,800-க்கு மேற்பட்டோர் படிவத்தைத் தொடங்கினர். முழுமையாக முடித்துக் கொடுத்தவை 6,506. ஒவ்வொரு காருக்கும் 13 பேர். தொடங்கியவர்களில் 10-க்கு 4 பேர் நடுவில் விட்டுவிட்டார்கள் என்பதைக் குறையாகப் பார்க்க வேண்டியதில்லை. சும்மா எட்டிப் பார்த்தவரைப் படிவத்தின் நீளமே கழித்துவிட்டது. அதற்கென ஆள் வைக்க வேண்டியிருக்கவில்லை.

இந்தக் கேள்விகள் எதை அளந்தன என்பதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஃபோர்டு பகிரங்கமாகச் சொன்ன நோக்கம், காரைப் பூட்டி வைக்காமல் சாலையில் ஓட்டி, நிறுவனத்தின் தூதர் போல இருக்கக்கூடியவர்களுக்குக் கொடுப்பது. பழைய ஃபோர்டுகள் விசுவாசத்தைக் காட்டும், சமூக வலைதளப் பின்தொடர்வோர் எண்ணிக்கை வீச்சைக் காட்டும், கார்த் தொகுப்பு ரசனையைக் காட்டும். இந்த மூன்றும் சரிபார்க்கக்கூடியவை. ‘எப்படிப் பயன்படுத்துவீர்கள்’ என்பதற்கான பதில் மட்டும் வெறும் வாக்குறுதி. வாரம் இரண்டு முறை ஓட்டுவேன் என்று எழுதுவதில் யாருக்கும் செலவில்லை.

விண்ணப்பதாரர் இரண்டு ஆண்டு இந்தக் காரைக் கையில் வைத்திருக்கக்கூடிய நிலையில் இருக்கிறாரா என்பதை இந்தக் கேள்விகளில் எதுவும் தொடவில்லை. விலையைக் கட்ட முடிந்தவரால் வைத்திருக்கவும் முடியும் என்று எடுத்துக்கொண்டதாகவே தெரிகிறது. அந்த இரண்டும் ஒன்றல்ல.

தேர்வும் கூடுதல் எண்ணிக்கையும்

2016 ஆகஸ்டில் தேர்வானோருக்குத் தகவல் போனது. அதே மாதம் ஃபோர்டு இன்னொன்றையும் அறிவித்தது: உற்பத்தி மேலும் இரண்டு ஆண்டு நீளும், மொத்தம் 1,000 கார். மூன்றாம் ஆண்டுக் கார்கள் காத்திருப்போர் பட்டியலுக்கு. நான்காம் ஆண்டுக்கு மறுபடி விண்ணப்பம். 2018 அக்டோபரில் எண்ணிக்கை 1,350 ஆனது, நவம்பர் 8 முதல் ஒரு மாதம் விண்ணப்பம் மீண்டும் திறந்தது, உற்பத்தி 2022 வரை போனது.

500 என்று சொல்லிவிட்டு 1,350 ஆக்கியது முதல் 500 பேருக்குச் செய்த துரோகம் என்று அப்போது சிலர் முணுமுணுத்தனர். அதில் நியாயம் கொஞ்சம்தான். 6,000 பேரை நிராகரித்த நிறுவனம் அவர்களைப் பகைத்துக்கொள்ளாமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை. ‘இல்லை’ என்பதற்குப் பதில் ‘இப்போது இல்லை’ என்று எழுத முடிந்தது. தவிர, இன்னும் கார் வரப்போகிறது என்று தெரிந்தால் வெளிச் சந்தை விலையும் கொஞ்சம் அடங்கும்.

ஆர்டரிலிருந்து சாவி வரை: காகிதங்களின் வரிசை

இந்த நிகழ்வில் பின்னால் நடந்த அனைத்தும் இந்தக் கட்டத்தில் வேர் கொண்டவை என்பதால் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

தேர்வானவருக்கு ஃபோர்டு தரப்பில் தனி உதவியாளர் ஒருவர் பேசினார். நிறத்தையும் உள் அலங்காரத்தையும் முடிவு செய்ய ஒரு மாதிரிப் பெட்டி வந்தது. காரின் வடிவத்திலேயே வார்த்த சிறு துண்டுகளில் ஒவ்வொரு நிறமும் பூசியிருந்தது, கூடவே கார்பன் ஃபைபர், இருக்கைப் பொருள் மாதிரிகள். திரையில் நீலமாகத் தெரிந்தது வெயிலில் எப்படி இருக்கும் என்று கையில் வைத்துத் திருப்பிப் பார்க்கலாம்.

அதன் பிறகு வருவதுதான் கையெழுத்துகள். ஃபோர்டின் உறுதிப்படுத்தல் ஒப்பந்தத்தில் வாங்குநர் ஒப்பமிட வேண்டும். வாங்கும் உரிமையை வேறொருவருக்கு மாற்றக் கூடாது, கார் கைக்கு வந்த நாளிலிருந்து 24 மாதம் விற்கக் கூடாது என்பவை அதிலுள்ள முக்கிய நிபந்தனைகள். ஆனால் ஃபோர்டு நேரடியாக வாடிக்கையாளருக்குக் காரை விற்க முடியாது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் டீலர் வலையமைப்பு வைத்திருக்கும் தயாரிப்பாளர் நேரே விற்பதைச் சட்டம் தடுக்கிறது. ஆகவே வாங்குநர் ஒரு ஃபோர்டு டீலரைத் தெரிவு செய்வார். ஃபோர்டு அந்த டீலருக்கு விற்கும். டீலர் தன் வழக்கமான விற்பனை ஒப்பந்தத்தில் வாங்குநருக்கு விற்பார். உரிமைப் பத்திரம் அந்த இரண்டாம் விற்பனையின் அடிப்படையில் வாங்குநர் பெயருக்கு மாறும்.

கவனியுங்கள்: விற்கத் தடை இருப்பது ஃபோர்டுக்கும் வாங்குநருக்கும் இடையிலான காகிதத்தில். உரிமை கைமாறுவது டீலருக்கும் வாங்குநருக்கும் இடையிலான காகிதத்தில். இரண்டும் தனித்தனி. டீலர் மேசையில் ஓடும் படிவம் மாதம் நூறு பிக்கப்புக்குப் பயன்படும் அதே அச்சுப் படிவம். அதில் தடை வாசகத்தைச் சேர்க்க மறந்தாலும் விற்பனை செல்லும், வண்டி பதிவாகும், சாவி கைமாறும். அந்த வாசகம் இல்லை என்று யாரும் அன்று கவனிக்க மாட்டார்கள்.

முதல் சம்பவம்: 27 நாளில் கைமாறிய கார்

தேர்வானவர்களில் ஒருவர் திரையிலும் விளையாட்டு அரங்கிலும் உலகறிந்தவர், கார்ப் பிரியர், பெரும் பின்தொடர்வோர் கூட்டம் உள்ளவர். படிவம் தேடிய எல்லாத் தகுதிகளும் அவரிடம் இருந்தன. நீல நிற ஜிடி ஒன்று 4,63,376 டாலர் விலையில், அன்றைய மதிப்பில் சுமார் 3 கோடி ரூபாய்க்கு, ஃபுளோரிடாவில் ஒரு டீலர் வழியாக அவருக்கு 2017 செப்டம்பர் 23 அன்று வந்து சேர்ந்தது. அக்டோபர் 20 அன்று விற்றுவிட்டார்.

தகவல் எட்டியதும் ஃபோர்டு அவரைத் தொடர்புகொண்டது. சில செலவுகளைச் சமாளிக்கப் பணம் தேவைப்பட்டதால் வேறு சில பொருள்களோடு சேர்த்து விற்றதாகவும், சரிசெய்யத் தயார் என்றும் அவர் சொன்னதாக ஃபோர்டின் மனுவே குறிப்பிடுகிறது. பேச்சு நகரவில்லை. 2017 நவம்பர் 30 அன்று மிச்சிகன் கிழக்கு மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஃபோர்டு வழக்குத் தொடுத்தது. ஒப்பந்த மீறல், பொய்யான உறுதிமொழி, நியாயமற்ற ஆதாயம் ஆகியவை குற்றச்சாட்டுகள். விற்பனையில் வந்த லாபமும், பிராண்டின் மதிப்புக்கும் தூதர் வேலைக்கும் நேர்ந்த இழப்புக்கு ஈடும் கேட்டது.

எதிர்த்தரப்பின் வாதம் மேலே சொன்ன காகித இடைவெளியில் நேராகப் போய் விழுந்தது. 24 மாதத் தடை இறுதி விற்பனை ஒப்பந்தத்தில் இல்லை, டீலர் அதைச் சேர்க்கவில்லை, எனவே வழக்கைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்றனர்.

இந்த வாதம் சரியா என்று எந்த நீதிமன்றமும் இறுதியாகச் சொல்லவில்லை. 2018 ஜூனில் வழக்கு சமரசமாக முடிந்தது. தொகை வெளியிடப்படவில்லை, அது தொண்டுக்குப் போகும் என்று ஃபோர்டு சொன்னது. அவர் மன்னிப்புக் கேட்டதோடு, மற்ற உரிமையாளர்களும் ஒப்பந்தத்தை மதிக்க வேண்டும் என்று அறிக்கை விட்டார்.

வழக்குப் போட்டது சரியான முடிவா? பிரபலத்தின் மேல் வழக்கு என்றால் செய்தி எல்லா இடத்துக்கும் போகும் என்பது ஃபோர்டுக்குத் தெரியும். இன்னும் நூற்றுக்கணக்கான கார்கள் கைமாற வேண்டிய நிலையில், முதல் மீறலைக் கண்டும் காணாமல் விட்டிருந்தால் அடுத்தடுத்து விற்பார்கள். ஆகவே பணத்தைவிட எச்சரிக்கைக்காகத் தொடுத்த வழக்கு என்றே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் தூதராகத் தேர்ந்தெடுத்தவரையே பிரதிவாதியாக்கியதில், படிவம் தேடிய ‘வீச்சு’ எதிர்த் திசையிலும் அதே வேகத்தில் வேலை செய்தது. பிரபலத்துக்குக் கொடுத்தால் நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் ஒரே அளவில் பரவும் என்பதைத் தேர்வுக் குழு கணக்கில் எடுத்ததற்கு அறிகுறி இல்லை.

இரண்டாம் சம்பவம்: ஏல மேடை

2018 மே மாதம் இண்டியானாபொலிசில் மீக்கம் நிறுவனத்தின் பெரிய வசந்தகால ஏலம். அதில் ஒரு 2017 ஜிடி பட்டியலில் இருந்தது. 24 மாதம் ஆகாத கார். ஆனால் மேடைக்குக் கொண்டுவந்தவர் ஃபோர்டு தேர்ந்தெடுத்த முதல் வாங்குநர் அல்ல. அவரிடமிருந்து கைமாறிய பின் வந்த உரிமையாளர்.

ஃபோர்டு ஏலத்துக்கு இடைக்காலத் தடை கேட்டு நீதிமன்றம் போனது. கிடைக்கவில்லை. மூல ஒப்பந்தத்தில் ஏல நிறுவனம் கையெழுத்திடவில்லை, இரண்டாம் உரிமையாளரும் கையெழுத்திடவில்லை; கையெழுத்திடாதவரை அந்தக் காகிதத்தால் எப்படிக் கட்டுவது? கார் 16.5 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. வாங்குநர் கட்டணம் சேர்த்து 18,15,000 டாலர். அன்றைய மதிப்பில் 12 கோடி ரூபாய்க்கு மேல், அதாவது கம்பெனி விலையைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு.

ஃபோர்டு பின்வாங்காமல் விற்றவர் மீதும் ஏல நிறுவனம் மீதும் வழக்கைத் தொடர்ந்தது. 2018 ஆகஸ்டில் ஏல நிறுவனத்தோடு உடன்பாடு ஏற்பட்டது: தடைக்காலத்தில் உள்ள ஜிடி எதையும் ஃபோர்டின் ஒப்புதல் இன்றி ஏலத்துக்கு எடுப்பதில்லை, ஃபோர்டின் அறக்கட்டளைக்கு நன்கொடை கொடுப்பது.

நடைமுறையில் முதல் வழக்கின் சமரசத்தைவிட இந்த உடன்பாடு அதிகம் சாதித்தது என்பது நம் கணிப்பு. 18 லட்சம் டாலர் காரை விற்க அமெரிக்காவில் இருக்கும் பெரிய மேடைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒரு மேடை மூடினாலே மற்றவை ஜாக்கிரதையாகிவிடும். மேடை இல்லாவிட்டால் தனியாக வாங்குபவரைத் தேட வேண்டும். அவரும் காகிதத்தைக் கேட்பார், வழக்கு வருமோ என்று விலையைக் குறைப்பார். விற்பவரைத் துரத்துவதைவிட விற்கும் இடத்தைச் சுருக்குவது மலிவு.

ஃபோர்டிடம் இல்லாத ஆயுதம்

ஃபெராரியோ ஆஸ்டன் மார்ட்டினோ சட்டத்தை அவ்வளவாக நம்புவதில்லை. விற்றால் அடுத்த கார் உனக்கு இல்லை என்பதுதான் அவர்களின் பிடி. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை புதிய குறை எண்ணிக்கை மாடல் வந்துகொண்டே இருக்கும் கம்பெனியில் அது பெரிய மிரட்டல். தொகுப்பாளர் ஒருவர் பத்து லட்சம் லாபத்துக்காகப் பத்து ஆண்டு வரிசையை இழக்கத் துணியமாட்டார்.

ஃபோர்டில் அந்த வரிசையே இல்லை. 2006-இல் ஒரு ஜிடி முடிந்தது, அடுத்தது வர பத்து ஆண்டு. ‘அடுத்த ஜிடி தரமாட்டோம்’ என்று சொன்னால் யார் பயப்படுவார்? ஆகவே கையில் மிஞ்சியது ஒப்பந்தம் ஒன்றே. அந்த ஒப்பந்தம் விற்பனைக் காகிதத்தோடு சேர்த்துத் தைக்கப்படாமல் தனியே நின்றது.

லீஸ் (குத்தகை) வழியும் தெரியாததல்ல. 1990-களின் நடுவில் 349 எண்ணிக்கையில் வந்த ஃபெராரி எஃப்50 அமெரிக்காவில் முதல் இரண்டு ஆண்டு லீஸில்தான் கொடுக்கப்பட்டது. 500 எண்ணிக்கை வந்த லெக்சஸ் எல்எஃப்ஏ-வும் அமெரிக்காவில் தொடக்கத்தில் இரண்டு ஆண்டு லீஸ். பின்னாளில் போர்ஷே 911 எஸ்/டி காரை அங்கே முதல் ஓராண்டு லீஸில் கொடுத்ததும் இதே நோக்கத்தில்தான். லீஸில் உரிமைப் பத்திரம் நிதி நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கும். வைத்திருப்பவர் விற்கவே முடியாது; நீதிமன்றம் போக வேண்டிய தேவையும் இல்லை. குறை என்னவென்றால், கோடீஸ்வர வாங்குநருக்குத் தன் கார் தன் பெயரில் இல்லை என்பது கசக்கும். பல நாடுகளில் விற்கும்போது ஒவ்வொரு நாட்டின் லீஸ் சட்டத்துக்கும் தனித்தனியாகக் காகிதம் தயாரிக்கவும் வேண்டும். ஜிடி பல நாட்டுச் சந்தைகளுக்குப் போன கார். விற்பனையில் பெரும்பங்கு இருந்த அமெரிக்காவிலாவது லீஸைப் பயன்படுத்தியிருக்கலாம்.

பின்னர் தெரிந்த மாற்றங்கள்

2022 ஜனவரியில், எஃப்-150 லைட்னிங் மின்சாரப் பிக்கப் விற்பனைக்கு வருமுன், டீலர்கள் வாங்குநரிடம் ஓராண்டு மறுவிற்பனைத் தடை வாங்கிக்கொள்ள ஃபோர்டு வழிசெய்தது. இதில் கவனிக்க வேண்டியது, தடை வாசகம் டீலர் தரும் காகிதத்திலேயே சேர்ந்தது. மீறினால் டீலர் தடையுத்தரவு கேட்கலாம் அல்லது விற்று வந்த முழுத் தொகையையும் கேட்கலாம். ஜிடி விஷயத்தில் எந்த இடம் ஓட்டையாக வாதிடப்பட்டதோ அதே இடம் அடைக்கப்பட்டது.

ஜெனரல் மோட்டார்ஸ் 2022-இல் கார்வெட் இசட்06 போன்ற மாடல்களுக்கு வேறு வழியில் போனது. 12 மாதத்துக்குள் விற்றால் சில வாரண்டிகள் அடுத்தவருக்கு மாறாது, அடுத்த முன்பதிவிலும் இடமில்லை. ஓராண்டு வைத்திருந்தால் 5,000 டாலர் மதிப்புள்ள வெகுமதிப் புள்ளிகள். இடைவெளி சில பத்தாயிரம் டாலராக உள்ள காருக்கு இது பொருந்தும். பத்து லட்சம் இடைவெளி உள்ள காருக்கு வாரண்டியைக் காட்டிப் பயமுறுத்துவது வேலைக்காகாது. வாங்கிப் பூட்டி வைப்பவர் வாரண்டியைப் பயன்படுத்தவே போவதில்லை. டெஸ்லா 2023 நவம்பரில் சைபர்டிரக்குக்கு ஓராண்டுத் தடையும் 50,000 டாலர் இழப்பீட்டு வாசகமும் சேர்த்துப் பார்த்தது.

ஃபோர்டு தேர்வு முறையைக் கைவிடவில்லை. 2023 ஆகஸ்டில் காட்டிய மஸ்டாங் ஜிடிடி காருக்கும் விண்ணப்பம், அதற்கும் இரண்டு ஆண்டு விற்பனைத் தடை.

இதேபோல் இன்னொரு தேர்வு நடத்தினால்

தேர்வு என்பது யாருக்குச் சாவி போகும் என்பதை மட்டும் தீர்மானிக்கிறது. அதன் பின் கார் எங்கே போகும் என்பதைத் தீர்மானிப்பது காகிதம். ஆகவே செலவிடும் உழைப்பை இரண்டுக்கும் பிரிக்க வேண்டும். ஜிடி விஷயத்தில் காணொளி, படிவம், மாதிரிப் பெட்டி எனத் தேர்வுப் பக்கம் மெருகேறியிருந்தது. டீலர் மேசையின் பக்கம் பழைய அச்சுப் படிவமே ஓடியது.

முதல் வேலை, தடை வாசகம் டீலரின் விற்பனை ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். தனி இணைப்பாக அல்ல, கையெழுத்து விழும் அதே பக்கத்தில். வாசகத்தைத் தயாரிப்பாளரே எழுதிக் கொடுத்து, கையெழுத்தான பிரதி தலைமையகத்துக்கு வந்த பிறகுதான் காரை டீலர் முற்றத்திலிருந்து விடுவிக்க வேண்டும். 500 காருக்கு 500 பிரதி சரிபார்ப்பது ஒருவர் செய்யக்கூடிய வேலை. தயாரிப்பாளரையும் அந்த ஒப்பந்தத்தின் பயனாளியாகக் குறிப்பிட்டால், டீலர் வழக்குப் போடத் தயங்கினாலும் தயாரிப்பாளர் போடலாம்.

இரண்டாவது, தடையைவிட முதல் மறுப்புரிமை, அதாவது விற்க நினைப்பவர் முதலில் தயாரிப்பாளரிடமே கேட்க வேண்டும் என்ற நிபந்தனை, நடைமுறைக்கு ஏற்றது. விற்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் வரலாம்: மணமுறிவு, மரணம், கடன், வேறு நாட்டுக்குக் குடிபெயர்வு. முதல் சம்பவத்தில் வாங்குநர் சொன்ன காரணம் பணத் தேவை. காரை அவர் கம்பெனிக்கே திருப்பிக் கொடுக்கலாம் என்ற கதவு விலையோடு எழுதப்பட்டுத் திறந்திருந்தால், அந்தக் கார் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போயிருக்கும். திரும்ப வாங்கும் விலையை இன்வாய்ஸ் தொகை, ஓடிய கிலோமீட்டர், பழுது ஆகியவற்றை வைத்துச் சூத்திரமாகவே எழுதிவிடலாம். பேரம் பேச இடம் வைத்தால் பேரம் நடக்கும், அதற்குள் கார் வெளியே போய்விடும்.

மூன்றாவது, இழப்பீடு. மீறினால் என்ன கொடுக்க வேண்டும் என்பதை எண்ணாகவோ கணக்கு முறையாகவோ முன்கூட்டியே எழுத வேண்டும். மனம்போன போக்கில் பெரிய எண் போட்டால் அது தண்டம் என்று நீதிமன்றம் தள்ளிவிடக்கூடும். மறுவிற்பனை விலையிலிருந்து கொள்முதல் விலையைக் கழித்த தொகை என்று வைத்தால் தர்க்கம் எளிது. லாபமே இல்லாவிட்டால் விற்கும் ஆசையும் குறையும்.

நான்காவது, காலம். 24 மாதம் என்பது கார் கைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது. முதல் தொகுதிக் கார்கள் 2019-இலேயே விடுதலை பெற்றன. மல்டிமேட்டிக்கில் உற்பத்தியோ 2022 வரை நடந்தது. ஆலையில் கார் கட்டிக்கொண்டிருக்கும்போதே வெளிச் சந்தையில் சட்டப்படி மும்மடங்கு விலைக்கு விற்கலாம் என்றால், 2020-இல் சாவி வாங்கிய ஒருவர் பக்கத்து வீட்டுக்காரரின் லாபத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு ஆண்டு உட்கார வேண்டும். எண்ணிக்கையைப் பின்னால் கூட்டும் எண்ணம் சிறிதாவது இருந்தால், தடைக்காலத்தைக் கடைசிக் கார் வெளிவரும் நாளோடு இணைப்பது பற்றி யோசிக்க வேண்டும். வாங்குநர் முகம் சுளிப்பார் என்பது உண்மை. திரும்ப வாங்கும் கதவு திறந்திருந்தால் அந்தச் சுளிப்பு குறையும்.

ஐந்தாவதாக, படிவம். விசுவாசக் கேள்விகள் இருக்கட்டும். பின்தொடர்வோர் எண்ணிக்கைக்குத் தரும் எடையைக் குறைத்து, முன்பு வாங்கிய குறை எண்ணிக்கைக் கார்களை எவ்வளவு காலம் வைத்திருந்தார் என்பதைக் கேட்கலாம். இது வாக்குறுதி அல்ல, பதிவு. பழைய பதிவுச் சான்றும் காப்பீட்டுக் காகிதமும் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். 2005–06 ஜிடி-யை முதல் நாளிலிருந்து இன்னும் வைத்திருக்கும் ஒருவர், தன்னைப் பற்றி ஒரு நிமிடக் காணொளி எடுக்கத் தெரியாதவராக இருந்தாலும், 24 மாதத்தைத் தாண்டிவிடுவார் என்று நம்பக் காரணம் உண்டு.

ஏல நிறுவனங்களோடு உடன்பாட்டை முதல் கார் வெளிவருமுன்பே செய்துகொள்வது நல்லது. தடைக்காலத்தில் உள்ள கார்களின் சேசிஸ் எண் பட்டியலை அவர்களுக்குக் கொடுத்துவிட்டால், பட்டியலில் உள்ள கார் வந்தால் அவர்களே அழைத்துச் சொல்வார்கள். கடைசி நேரத்தில் நீதிபதி முன் நிற்பதைவிட அந்த ஒரு தொலைபேசி அழைப்பு எவ்வளவோ மலிவு.